மலேசியா அண்ணன் போட்ட தோட்டம்

வீட்டுக்காரரையே முன்வாசலால் நுழையக் கூடாது என்று தடுத்த மனிதர் கண்டியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மலேசியா அண்ணன்.

அவர் புல் பதித்த வீட்டில் இருபது நாளைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அம்பிட்டியவில் ஒரு டாக்டர் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தால், இவர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்பார். "சார், புல்லு இப்பதான் வேர் பிடிக்குது. நீங்க குசினிப் பக்கமா போங்க." பாவம், டாக்டர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போவார். ஒருநாள் அவர் மனைவியே கள்ளன் என்று கத்திவிட்டார்.

அண்ணன் மலேசியாவுக்குப் போனதில்லை. கொழும்புக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறார். அவர் பதிப்பது மலேசியன் புல். டெலிபோனை எடுத்ததும், "மலேசியாவா? இருக்குங்க, எவ்வளவு வேணும்?" என்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதை நம்பி ஒரு அம்மா மகனின் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார். அண்ணன் அதைப் பக்குவமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

அவரிடம் டெலிபோன் எடுக்கவும் கொட்டேஷன் எழுதவும் நான் இருந்தேன். புல் பதிக்கக் கலஹாவிலிருந்து மூன்று பேர் பஸ்ஸில் வருவார்கள். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. சோற்றுக்கே வழி தேடும்போது புல்லை யார் கேட்பார்கள்? டெலிபோன் ஊமையாகிவிட்டது. அண்ணனோ ஆட்களைச் சும்மா உட்கார விட மாட்டார். எங்கள் ஆபீஸ் முற்றத்துப் புல்லையே தினமும் வெட்டச் சொன்னார். மெஷினுக்குப் பெட்ரோல் இல்லாததால் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். பத்தாம் நாள் முற்றம் மொட்டையாகிவிட்டது.

"அண்ணே, இவங்கள கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவோமா?" என்றேன்.

"நிப்பாட்டினா எங்க போவாங்க தங்கச்சி? அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்." அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே டெலிபோன் அடித்தது. பேராதனையில் படிப்பிக்கும் ஒரு யாழ்ப்பாணத்து மேடம், முன்பு எங்களிடம் புல் பதித்தவர். "உந்தப் புல்லை வச்சு இனி என்ன செய்யிறது? கிண்டி எறிஞ்சுபோட்டு, முன்பக்கம் ஒரு நல்ல தோட்டமாப் போட்டு விடுங்கோ. நான் ஊருக்குப் போய், நாலு நாளில வாறன்."

நான் அப்படியே அண்ணனிடம் ஒப்பித்தேன். நானும் அவரும் கலஹாப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்குத் தோட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

"தேயிலையா!" அண்ணன் துள்ளி எழுந்தார். "டீத்தூள் விக்கிற விலைக்குச் சொந்தமாவே போடுறாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்!"

நாலே நாளில் அந்த முற்றத்தில் ஒரு எஸ்டேட் எழும்பியது. சரிவுக்கு ஏற்றபடி வரிசை வரிசையாகத் தேயிலைக் கன்றுகள், நடுவே தண்ணீர் ஓடக் கான். ஓரத்தில் 'ஒண்ணாம் நம்பர் மலை' என்று ஒரு பலகை வேறு.

மேடம் வந்து இறங்கி, பையைக் கீழே வைக்க மறந்து நின்றார். "என்ன இது?"

"தோட்டம்ங்க மேடம்."

"கத்தரி எங்க? மிளகாய் எங்க? வெங்காயம் எங்க?"

"தோட்டத்தில ஏதுங்க வெங்காயம்?"

"ஐயோ, வெங்காயம் இல்லாமல் அது என்ன தோட்டம்?"

இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மேடம், "சரி, இதில எப்ப கொழுந்து கிள்ளலாம்?" என்று கேட்டார்.

"கவனமா பார்த்தா மூணு வருஷத்தில கிள்ளலாம்ங்க."

"மூண்டு வருஷமோ! நான் நாளைக்குச் சமைக்க வேணும் அண்ணை!" என்றவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனும் சிரித்தார். நான் மட்டும் விரல் விட்டு நாட்களை எண்ணினேன். சனிக்கிழமைக்கு மூன்றே நாள்தான் இருந்தது.

அன்றே தேயிலையைப் பிடுங்கிக் காய்கறி நாற்று நடத் தொடங்கினார்கள். ஆனால் புல் பதித்த கை சும்மா இருக்குமா? கத்தரி வட்டமாக நின்றது, மிளகாய் வளைந்து வளைந்து ஓடியது, பயற்றங்கொடிக்கு வாசலில் ஒரு வளைவு எழும்பியது. வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார், "எங்களுக்கும் இப்படியே வேணும்" என்றார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு கேட்டது. நான் கையோடு நோட்டீஸ் எழுதினேன். தோட்டம் என்ற சொல்லையே தொடாமல், 'வீட்டு முற்றத்தில் காய்கறி அழகாக நட்டுத் தரப்படும்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு டெலிபோன் ஓயவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூவரும் கை கால் கழுவி, பஸ்ஸுக்குப் புறப்பட்டு, எதையோ எதிர்பார்த்து நின்றார்கள். அண்ணன் தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை வெள்ளனவே வந்துருங்க. மூணு வீடு காத்துக்கிட்டிருக்கு. பிந்தினா தொலைச்சுப்புடுவேன்!"

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அண்ணன் நாற்றுத் தட்டுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

"என்னண்ணே?"

"மிளகாய் நாத்தைத் தொட்ட கையோட கண்ணைத் தொட்டுட்டேன். எரியுது."

விரல் நீளம்கூட இல்லாத நாற்றில் ஏது காரம்? "பார்த்துண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண் கழுவத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.