ஜெயபாண்டியின் முதல் தாரம்

அலங்காநல்லூர் போகிற வழியில் ஒரு பொட்டல். போன வருஷம் வரை அங்கே யாராவது இறங்கக் கேட்டால் டிரைவர் திட்டுவார். இப்போது கண்டக்டர், "எருக்குச் சாமி ஸ்டாப் எறங்குங்க!" என்று கூவினால் முக்கால் பஸ் காலியாகிறது. ஷேர் ஆட்டோ, ஜிகர்தண்டா வண்டி, வாடகைக்குப் பட்டுவேட்டி என்று எல்லாம் வந்துவிட்டன. தண்ணீரும் கொஞ்சம் புத்தியும்தான் இன்னும் வரவில்லை.

சாமியின் பெயர் எருக்கானந்தர். ஆதார் அட்டையில் ராம்கி. முதல் தாரம் தங்காது என்று ஜாதகத்தில் இருக்கிற ஆண்களை எருக்கஞ்செடிக்குத் தாலி கட்ட வைப்பது அவர் தொழில். மூன்றாம் நாள் செடி தோஷத்தை வாங்கிக்கொண்டு செத்துப்போகும். மாப்பிள்ளை தாரமிழந்தவராக மொட்டை போட்டுக்கொள்வார். அடுத்த முகூர்த்தத்தில் தாராளமாக ஒரு மனுஷியைக் கட்டலாம். செத்துப்போன பெண்டாட்டிகளுக்கு யாரும் இதுவரை போஸ்ட்மார்ட்டம் கேட்டதில்லை.

கோச்சடையில் செல்போன் கடை வைத்திருக்கிற ஜெயபாண்டிக்கும் அந்த ஜாதகம்தான். அஸ்வினியைக் கட்ட வேண்டும் என்று அவனுக்கு ரெண்டு வருஷமாக ஆசை. "செடி சாகாம அந்தப் புள்ளைய வீட்டுக்குள்ள விட மாட்டேன். வந்த மறுநா அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தான கேக்கும்?" என்று அவன் அம்மா மாயக்காள் அழுதாள். ஆவணி வரைதான் பொறுப்போம், அப்புறம் வேறு இடம் பார்ப்போம் என்று அஸ்வினி வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாவம், அவன் என்ன செய்வான்? தாலி கட்டினான்.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஏழு குழி, ஏழு செடி, ஏழு மாப்பிள்ளை. செடிகளுக்கு இடுப்பு வரை பட்டுத்துணி. போட்டோக்காரர் பழக்கதோஷத்தில், "மேடம், சார் பக்கம் கொஞ்சம் திரும்புங்க" என்றார். சாமி பெண்ணுக்குத் தகப்பன் ஸ்தானம் என்பதால் சீர்வரிசை முழுக்க அவருக்கு. ஜெயபாண்டிக்கு மட்டும் மனசு உறுத்தியது. வாயில்லா ஜீவனைக் கொல்லத்தானே கட்டுகிறோம் என்று வருந்தி, யாரும் பார்க்காதபோது ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் ஏழு செடியும் துவண்டு தொங்கின. கூட்டம் "அரகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. முடிவெட்டுகிற மலைச்சாமி கத்தியை எடுத்தார். ஜெயபாண்டி தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது அஸ்வினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"எங்க என் சக்களத்தி?"

"செத்துருச்சு அஸ்வினி" என்றான் ஜெயபாண்டி, நிஜமான துக்கத்தோடு.

"எருக்கா செத்துச்சு? எங்க வரப்புல அதத் தொலைக்க எங்கய்யா இருவது வருசமா மல்லுக்கட்டுறாரு மச்சான். மழையே இல்லாட்டியும் நிக்கும். வெட்டுனா வெட்டுன எடத்துல ரெண்டாத் துளுக்கும். ஒரு கல்யாணத்துலயா செத்துரும்?"

சொல்லிக்கொண்டே ஜெயபாண்டி தாலி கட்டின செடியைப் பிடித்து இழுத்தாள். ரெண்டு விரலுக்கே வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. சாய்வாக ஒரு வெட்டு.

"பாத்தீங்களா! தோஷம் வேரையே தின்னுருச்சு!" என்றார் சாமி. கூட்டம் முன்னைவிடச் சத்தமாக "அரகரா!" போட்டது.

"தோஷம் அருவா மாதிரியா சாமி தின்னும்? சரி, அந்தா வேலியோரம் வேரோட ஒரு எருக்கு நிக்கிதே, அதுக்குத் தாலி கட்டச் சொல்லுங்க. மூணு நாள்ல காஞ்சா நான் மொட்ட போட்டுக்கிறேன்."

சாமி வேலியை மறைத்துக்கொண்டு நின்றார். "அது ஆகாது தாயி. அது... வயசான செடி."

ஜெயபாண்டி ஈரத்தலையோடு எழுந்து, அவளிடமிருந்து செடியை வாங்கிக்கொண்டு வேலிக்குப் போனான். ஆள் உயரப் புதர். அதில் எங்கே பார்த்தாலும் சாய்வான வெட்டு, வெட்டில் காய்ந்த பால். கையிலிருந்த தன் சம்சாரத்தை ஒரு வெட்டில் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. அடுத்ததில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது. மற்ற ஆறு பேரும் அவரவர் சம்சாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆறும் பொருந்தின.

"டேய் மாப்ள, நம்ம ஏழு பேருக்கும் பொண்டாட்டி ஒருத்திதாண்டா!" என்று அலறினான் ஒருவன்.

"அவ சாகவும் இல்லடா! துளுத்து நிக்கிறாடா!" என்றான் இன்னொருவன்.

சாமி நழுவப் பார்த்தார். மாப்பிள்ளைகள் ஏழு பேரும் மாமனாரை மடக்கி போலீசுக்குப் போன் போட்டார்கள். கூட்டத்தில் நின்ற மாயக்காளுக்கோ வேறு கவலை. "அப்ப எம்மகனுக்கு மொதத் தாரம் உசுரோட இருக்கா? எப்பிடிடா ரெண்டாவது கட்டுவ?"

"எம்மா!" ஜெயபாண்டிக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "எத்தன பேரு தோஷத்த வாங்கியும் அது குத்துக்கல்லா நிக்கிது. ஒரு செடியக் கொல்லத் தெம்பில்லாத தோஷம் அஸ்வினிய என்ன செஞ்சிரும்? ஆவணியில கல்யாணம். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

மாயக்காள் அந்தப் புதரைச் சுற்றிவந்து வெட்டுகளை விரல் விட்டு எண்ணினாள். பிறகு அஸ்வினியிடம் வந்து, "பத்திரிகையில எம்பேரப் பெருசாப் போடச் சொல்லு ஆத்தா" என்றாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் போயிருப்பேன். அடுத்த வாரமே அந்தப் புதருக்கு யாரோ மஞ்சள் புடவை கட்டி, "சாகாவரம் பெற்ற சுமங்கலி எருக்கம்மன்" என்று போர்டு வைத்துவிட்டார்கள். பஸ் இப்போதும் அங்கே நிற்கிறது. எருக்கம்பால் காலில் ஏறின முள்ளை எடுக்கும் என்பார்கள். மண்டையில் ஏறினதை எடுக்க எந்தப் பாலும் கிடையாது. அதை அவரவர்தான் யோசித்து எடுக்க வேண்டும்.