கதவு வரும் இடம்

"கதவு எங்கய்யா?" என்று கத்தினார் கடுகு.

புது ரயில் முதல்முறையாக ஸ்டேஷனுக்குள் வந்து நின்ற காலை அது. பிளாட்பாரமே வாயைப் பிளந்துகொண்டு அதன் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடுகு ஒருவர்தான் ரயிலோடு சண்டைக்கு நின்றார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிறவர் என்பதால் தெருவே கூடி வைத்த பெயர் இது. கூடியவர்களில் அவர் மனைவியும் உண்டு என்று ஒரு பேச்சு. பார்த்தவர்கள் சொன்னதுதான்.

கடுகு ஒரு ஹார்டுவேர் கடையில் மேனேஜர். சம்பளத்தில் ஒன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. காலையில் ஷட்டரைத் திறக்கும் சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான் மேனேஜர் பதவி. ஆனால் அந்தச் சாவியை முதலாளி தன் கூடப்பிறந்த தம்பியிடம்கூடக் கொடுத்ததில்லை. அது பேன்ட் பையில் இருக்கிற பெருமையில் கடுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார்.

அந்தச் சாவிமேல் ஒருவனுக்குக் கண். அதே கடையில் வேலை பார்க்கும் அவர் மச்சினன், மனைவியின் செல்லத் தம்பி. பைக்கில் வருவான், நேரத்துக்கு வருவான், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். இந்த மூன்றில் எது கடுகுக்கு அதிக எரிச்சல் என்று சொல்வது கஷ்டம்.

கடுகும் நேரத்துக்குப் போகிறவர்தான். அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். இறங்குகிற ஸ்டேஷனில் மாடிப்படி முதல் பெட்டிக்கு நேராக இருக்கிறது. முதல் பெட்டியின் முதல் கதவில் இறங்கினால், கூட்டம் மூட்டை முடிச்சைத் தூக்குவதற்குள் தெருவுக்கு வந்துவிடலாம். கடைசிப் பெட்டியில் மாட்டினால் தொலைந்தது, படியேறி முடிப்பதற்குள் தாடி முளைத்துவிடும். அதனால் ஏறுகிற ஸ்டேஷனில் தினமும் ஒரே கல்லின்மேல் கால் பதித்து நிற்பார். மழையோ வெயிலோ, நகர மாட்டார். பழைய ரயில் வந்து நின்றால் கதவு அவர் மூக்குக்கு நேரே இருக்கும்.

இன்றைக்கு மூக்குக்கு நேரே இருந்தது டிரைவரின் ஜன்னல்.

உள்ளே ஒரு இளவட்ட டிரைவர். கடுகைப் பார்த்தான். வெள்ளையாகச் சிரித்தான். கையை நெற்றிவரை கொண்டுபோய் ஒரு சலாம் வேறு.

கதவு பத்தடி பின்னால். கடுகு ஓடுவதற்குள் அங்கே கூட்டம் அடைத்துவிட்டது. அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு என்று ஓடி, கடைசிப் பெட்டியில் தொற்றினார். அவர் முதுகை உரசிக்கொண்டு கதவு தானாக மூடியது.

பூட்டிக் கிடந்த கடையின் வாசலில் பிளம்பர்களும் பெயிண்டர்களும் தெருவை அடைத்து நின்றார்கள். நடுவில் முதலாளி.

"விடுங்க முதலாளி," என்றான் மச்சினன். "மாமாவுக்கும் வயசாகுதுல்ல."

கடுகின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னங்க, புது வண்டி நல்லா குளுகுளுன்னு இருக்காமே?"

"குளுகுளுவா? நான் கொதிச்சுப்போய் வந்திருக்கேன்!"

"அதுக்குத்தானே ஏசி போட்டிருக்காங்க."

மறுநாள் கடுகு கல்லை விட்டுப் பத்தடி பின்னால் போய், நேற்றுக் கதவு வந்த இடத்தில் நின்றார். வழக்கமாக அவருக்குப் பின்னால் நிற்கும் டீச்சர் ஆச்சரியப்பட்டார்.

"என்ன சார், இடம் மாறிட்டீங்க? பூமி தாங்குமா?"

"கதவு இங்கதான் வரும். பாருங்க."

ரயில் வந்தது. நின்றது. கடுகின் மூக்குக்கு நேரே டிரைவரின் ஜன்னல். அதே சிரிப்பு, அதே சலாம்.

பின்கோடியில் ஒரே கூச்சல். கடைசிக் கதவு பிளாட்பாரத்தைத் தொடவே இல்லையாம். இறங்க வேண்டியவர்கள் அந்தரத்தில் நின்று ரயில்வேயின் ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இவன் என்னைப் பார்த்துத்தான் நிறுத்துறான்!"

"ஏன் சார், அந்தப் பையனுக்கு வேற வேலை இல்லையா? இத்தனை பேர் ஏறுற ரயிலை உங்க மூஞ்சிக்காக நிறுத்துவாங்களா?"

"நக்கல் பண்றான் டீச்சர். சிரிக்கிறான் பாருங்க!"

"சிரிச்ச முகமா ஒருத்தரைப் பார்த்தா உங்களுக்கு ஆகாதே."

அன்றும் கடைசிப் பெட்டிதான். அன்றும் முதலாளி வாசலில்தான்.

மூன்றாம் நாள் கடுகு எதிர்ப்பக்கமாக யோசித்தார். பிளாட்பாரத்தின் முன்கோடிக்கே போய், கூரை முடிந்து இரண்டு பெட்டி தூரம் தள்ளி, தண்ணீர்த்தொட்டியை ஒட்டி நின்றார். தூறிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் எவனும் ரயிலைக் கொண்டுவர மாட்டான். பின்னாலேயே நிறுத்திவிடுவான், ஒரே ஓட்டத்தில் முதல் கதவைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

கொண்டுவந்துவிட்டான். தண்ணீர்த்தொட்டிவரை கொண்டுவந்து, கடுகின் மூக்குக்கு நேரே ஜன்னலை நிறுத்தினான். சிரிப்பு மட்டும் இன்றைக்குக் கொஞ்சம் கலவரமாக இருந்தது. சலாம் பாதியில் நின்றது.

முதல் இரண்டு பெட்டிக்காரர்களும் கூரைக்கு வெளியே இறங்கித் தொப்பலாக நனைந்தார்கள். பின்னால் நின்ற கூட்டம் முன்னால் ஓடிவந்து, ஓடிய வேகத்தில் கடுகையும் அள்ளிக்கொண்டு போய் தண்ணீர்த்தொட்டியோடு சேர்த்து ஒட்டியது. ரயில் அவர் இல்லாமலே போனது.

அடுத்த வண்டியைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கடையில் முதலாளி வாயைத் திறந்தார். "இந்தாப்பா, நாளைக்கும் இதே கதைன்னா சாவி கைமாறிடும். எனக்கு யாபாரம் முக்கியம்."

"எனக்கு சாவியெல்லாம் வேணாம் முதலாளி," என்றான் மச்சினன், கையைத் தயாராக நீட்டியபடி.

சாயங்காலம் திரும்பி வந்து இறங்கியதும் கடுகு நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் புகுந்தார். மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. டம்ளர் குதித்தது.

"உங்க டிரைவர் மேல புகார்!"

"என்ன செஞ்சாரு?"

"என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்!"

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், முறைச்சா நடவடிக்கை எடுக்கலாம். சிரிச்சதுக்கு எப்படி எடுக்கிறது?"

"நக்கலா சிரிக்கிறான்யா! நான் எங்க நின்னாலும் அவன் ஜன்னலைக் கொண்டாந்து என் முன்னால நிறுத்துறான். என் பொழப்புல மண்ணைப் போடுறான்!"

"உங்களுக்கும் அவருக்கும் முன்விரோதம் எதாவது?"

"அவன் எவன்னே எனக்குத் தெரியாது!"

"அப்ப நாளைக்கு அவரை நேராவே விசாரிச்சுடறேன். நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க."

கடுகு குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, விடிந்தால் என்ன செய்வது என்று முடிவு கட்டினார்.

நான்காம் நாள் காலை, பிளாட்பாரத்தில் கடுகைக் காணவில்லை. குளிர்பானக் கடையின் பெட்டிக்குப் பின்னால் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தார். டீச்சர் குனிந்து பார்த்தார்.

"யாரு, நீங்களா சார்? யாருக்காவது பயந்து ஒளிஞ்சிருக்கீங்களா?"

"சத்தம் போடாதீங்க! நான் இருக்கிறது தெரிஞ்சாத்தானே அவன் வேலையைக் காட்டுவான்? வண்டி நிக்கட்டும், பாஞ்சு ஏறிடுவேன்."

"உங்க வீட்டுல தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"இந்த மாதிரி ஆகிட்டு வருதுன்னு."

ரயில் உள்ளே வந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் தேடிக்கொண்டே வந்தான்.

"தேடுறான் பாருங்க! என்னைத்தான் தேடுறான்!" என்று கடுகு பெட்டிக்குப் பின்னால் கைகொட்டினார். "தேடுடா தேடு!"

ரயில் மெதுவாகப் போனது. இன்னும் மெதுவாகப் போனது. ஆனால் போய்க்கொண்டே இருந்தது. முதல் பெட்டி கூரையைத் தாண்டியது. நடுப்பெட்டி தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியது. ஏற நின்றவர்கள் கூடவே நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தை விட்டு இறங்கி, சற்றுத் தள்ளி வெட்டவெளியில் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்கள். வெளியே இருந்தவர்கள் எறிவதற்குக் கல் தேடினார்கள்.

கடுகின் போன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன்ல. வண்டி நிக்காமப் போயிடுச்சு."

"நிக்காம எப்படி மாமா போகும்? சரி விடுங்க. முதலாளி பூட்டை உடைக்கச் சொன்னாரு. உடைக்கிற சாமான் எல்லாம் நம்ம கடைக்குள்ளயே இருக்கு, அதனால எதிர்க்கடையில காசு குடுத்து வாங்க வேண்டியதாப் போச்சு. அதுலதான் அவருக்கு ரொம்பக் கோபம்."

"உடைச்சாச்சா?"

"உடைச்சுப் புதுசும் மாட்டியாச்சு. பழைய சாவியை நீங்களே வச்சுக்கங்க மாமா, ஞாபகத்துக்கு."

கடுகின் பேன்ட் பையில் சாவி கனத்தது, எந்தப் பூட்டுக்கும் சொந்தமில்லாமல். அத்தனை வருட மேனேஜர் பதவி ஒரு நாலு நாளில் போய்விட்டது, ஒரு பொடியன் சிரித்த சிரிப்பில்.

அந்தப் பொடியனே பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரோடு வந்துகொண்டிருந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கடுகு பையை வீசிவிட்டுப் பாய்ந்தார். கூட்டமும் அவர் பின்னால் பாய்ந்தது. டீச்சர் குறுக்கே வந்திருக்காவிட்டால் சட்டைக் காலர் கையோடு வந்திருக்கும்.

"ஏன்டா, நான் உனக்கு என்னடா பாவம் பண்ணேன்? ஒரு நாள் முன்னால, ஒரு நாள் பின்னால, இன்னைக்கு நிறுத்தவே இல்லை! என் சாவி போச்சுடா! ரயிலை ஒரு இடத்துல ஒழுங்கா நிறுத்தத் தெரியாதவனுக்கு எவன்டா வேலை குடுத்தான்?"

டிரைவர் கடுகை மேலும் கீழும் பார்த்தான். தொலைந்துபோன அப்பாவைக் கண்டுபிடித்தவன்போல அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அழுகிற குரலில் கத்தினான்:

"நீங்க தினம் ஒவ்வொரு இடத்துல நின்னா நான் எங்க சார் நிறுத்துறது? புது வண்டி எங்க நிக்கணும்னு இன்னும் போர்டு வைக்கலை, 'அந்த ஸ்டேஷன்ல ஒரு கோபக்காரர் இருக்காரு, உலகமே அசைஞ்சாலும் நின்ன இடத்தை விட்டு அசைய மாட்டாரு, அவரு மூஞ்சிக்கு நேரா ஜன்னலைக் கொண்டுபோய் நிறுத்து'ன்னுதான் சார் எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லிக்குடுத்தாங்க!"