எம்.ஏ. கிராணியின் பெரட்டு

இந்தப் பூவுலகில் பொருளாதாரம் படித்துப் பணக்காரர் ஆனவர்கள் இருக்கலாம், பைத்தியம் பிடித்தவர்களும் இருக்கலாம். ஆனால் படித்துப் படித்தே பேயை வேலைக்கு வரவழைத்தவர் எங்கள் எம்.ஏ. கிராணி ஒருவர்தான்.

மலாயாவில் சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். கணக்கு வழக்குப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு அங்கே கிராணி என்று பெயர். அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி, இருவருக்கும் ஒரே வீடு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பார். எங்கள் தோட்டத்தில் அப்படிச் சொல்ல வேறு ஆள் கிடையாது. பி.ஏ.யைத் தபாலிலேயே முடித்தவர், சீமைப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொருளாதார எம்.ஏ.வையும் தபாலிலேயே மடக்கிவிடுவது என்று கங்கணம் கட்டியிருந்தார். பாஸானால் ஊரில் கல்லூரி வாத்தியார் வேலை காத்திருந்தது. மனைவியும் அங்கேதான் காத்திருந்தார்.

சாப்பாட்டிலும் பாடம்தான். நான் மூன்றாவது தோசைக்குக் கை நீட்டினால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

“வேண்டாம் காணும். முதலாவதிலை இருந்த இன்பம் மூண்டாவதிலை இராது.”

“உங்களுக்கு மட்டும் இருக்குமா?”

“எனக்கு இது பரிசோதனை” என்று சொல்லி அதையும் விழுங்கிவிடுவார்.

எல்லாம் சரி, படித்தது மட்டும் அவர் மண்டையில் தங்காது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். கிராணி கூப்பிடுவார், “இருக்கேங்கையா” என்று பதில் வரும். இவர் ஒவ்வொரு ஆளிடமும் ஒரு பாடத்தை ஒட்டவைத்துவிட்டார். காத்தாயியிடம்தான் தோட்டத்தின் ஒரே கறவை மாடு. அவள் வைத்ததுதான் பால் விலை. ஆகவே அவள் ஏகபோகம். கள்ளுக்கடையில் கடைசிப் போத்தலைப் பாதியில் வைத்துவிட்டு அழும் சடையன், குறைந்து செல்லும் பயன். குப்பம்மா கூலிக் கொள்கை. பெரட்டு முடிவதற்குள் பாதிப் புத்தகம் அவருக்குள் ஓடி முடிந்திருக்கும்.

அப்போதுதான் ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆட்களை வேலையிலிருந்து கழித்தார். மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாகச் சிகாமட்டில் ரயிலேறி, கப்பலேறி, இந்தியாவுக்குப் போனார்கள். ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. சடையன் போனான், காத்தாயி மாட்டைக் குப்பம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். எம்.ஏ. கிராணிக்கோ பாடமும் ஒவ்வொன்றாகக் கழன்றது.

ஒருநாள் பெரட்டில், மூடுபனிக்குள் பார்த்து, “சடையன்!” என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்தும் நின்றார். ரப்பர் மரங்களிலிருந்து பனி சொட்டும் சத்தம்தான் கேட்டது. நான் மெல்ல அவர் காதருகே போனேன்.

“ஐயா, போனவங்களை ஏன் கூப்பிடுறீங்க?”

“கூப்பிடாட்டி பாடம் போயிடும் காணும்.”

தினமும் இதே கூத்து. இல்லாதவன் பேர், ஒரு மௌனம், அடுத்த பேர். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவரோடொருவர் ஒட்டி நின்றார்கள். இந்த நேரத்தில் கப்பலிலிருந்து சேதி வந்தது. காத்தாயி நடுக்கடலில் காய்ச்சலில் இறந்துவிட்டாள், உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். இனிமேலாவது அவள் பேரை விடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை மனிதர் தயங்காமல், “காத்தாயி!” என்றார்.

“இருக்கேங்கையா.”

பனிக்குள்ளிருந்து வந்தது குரல். கூடவே மாட்டின் கழுத்து மணியும் கேட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ, “ஓம், ஓம்! ஏகபோகம் திரும்பி வந்திட்டுது!” என்றார்.

பனி விலகியதும் பார்த்தால், மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி குப்பம்மா நிற்கிறாள்.

“செத்தவ பேரைக் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலேன்னா அவளே வந்து நிப்பாங்கையா. அதான் நான் சொல்லிப்புட்டேன்.”

இந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கடல் தாண்டியவர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, யார் கண்டது? ஆளுக்கொரு பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் துரை பெரட்டுக்கு வந்தார். பனிக்குள் அவர் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் சொற்பம். கேட்ட குரல்களோ தோட்டம் நிறைந்திருந்த காலத்துக் குரல்கள். தாம் அனுப்பிவைத்த ஒவ்வொருவனும் “இருக்கேங்கையா” என்று சொல்லச் சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பெரட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சிங்கப்பூரில் பரீட்சை. தோட்டமே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து அவரை அனுப்பிவைத்தது. திரும்பி வந்தவர் தோசைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அப்போதே எனக்குப் பகீரென்றது.

“விலை விழுந்தால் தொழிலாளர் எங்கை போவினம் எண்டு கேட்டிருந்தாங்கள். வேலை இருக்கிற இடத்துக்குத் தானாப் போவினம் எண்டு எழுத வேணும். அதுதான் பாடம். நான் மனசுக்குள்ளை காத்தாயியைக் கூப்பிட்டன். குரல் கேட்டது. அதுக்குப் பிறகு புத்தகத்திலை இருக்கிறதை எழுதக் கை வரேல்லை.”

“என்னதான் எழுதினீங்க?”

“காத்தாயி கடலுக்குப் போனாள் எண்டு எழுதினன்.”

சீமைக்காரர்களுக்குக் காத்தாயியைத் தெரியுமா? ஃபெயில் என்று வந்தது. மறுநாள் பெரட்டில் அவர் பேர்ப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. குப்பம்மாதான், “பரவாயில்லைங்கையா, பேரைக் கூப்பிடுங்க” என்றாள். கூப்பிட்டார். ஒரு பேர்கூட விடாமல் பதில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மறுபடி எழுதப் புத்தகங்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவை வந்து சேருமுன், அடுத்த மழையில் மலேரியா அவரைக் கொண்டுபோயிற்று. ஊருக்குப் போகவே இல்லை.

மறுநாள் பெரட்டு என் பொறுப்பு. வாயைத் திறந்தேன், முதலில் வந்தது அவர் பேர்தான்.

“எம்.ஏ. கிராணி!”

அந்தப் பேரை எடுத்துக்கொள்ள யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. பனிக்குள்ளிருந்து அத்தனை பேரும் ஒரே குரலில், “இருக்கேங்கையா” என்றார்கள். சத்தம் அடங்கிய பிறகு, சற்றுத் தள்ளி, பூட்டிய லயத்துப் பக்கமிருந்து இன்னொரு பதில் வந்தது.

“ஓம்.”

அது யார் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரித்தால், யாராவது “நான்தாங்கையா” என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.