வரிக்கு வெளியே மச்சினன்

மூன்று நாளாக உலகநாதனுக்கு வயிறு காந்தியது. டீக்கடை பன்னில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ராஜம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை.

"எந்தம்பி நைட் ஷிப்டுக்குப் போற வரிக்கும் இந்த ஊட்ல சோறு கெடையாது. நீயெல்லாம் ஒரு சூப்பர்வைசரு!"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனி. நைட் என்றால் எண்ணெய்ப் புகை, கொசு, நின்றபடி தூக்கம். கையால் லிஸ்ட் எழுதிய காலத்தில் மச்சினன் துலுக்கானத்துக்கு அது விழாமல் உலகநாதன் பார்த்துக்கொண்டார். அவன் முறைக்கெல்லாம் பிட்டர் தேவராஜ் போனான்.

எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. ஷிப்ட் போடும் கட்டளையின் கடைசியில் 'துலுக்கானம் நீங்கலாக' என்று சேர்க்கும்படி, முதலாளிக்குத் தெரியாமல், புது ஆபரேட்டர் வரலட்சுமியிடம் சொன்னார். சேர்த்தாள். ஆனாலும் நைட் லிஸ்டில் முதல் பெயரே துலுக்கானம்.

"இன்னாம்மா இது?"

"வரி நீளம் சார். எழுபத்திரண்டு எழுத்துக்கு மேல மிஷின் படிக்காது. உங்க மச்சான் அதுக்கு அந்தாண்ட கீறாரு."

"அப்ப ஒடச்சி அடுத்த வரில போடு!"

"நீங்களே போடுங்க சார். நான் தொட்டா தப்பாப்பூடும்."

உடைத்தார். இரண்டாம் வரி எதன் மிச்சம் என்று மிஷினுக்கு விளங்கவில்லை. லிஸ்டே வரவில்லை. மறுநாள் அத்தனை பேரும் காலையிலேயே வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி உலகநாதனின் அப்பனையும் சேர்த்துத் திட்டினார்.

அந்த வரியின் தலையில் ஒரு நட்சத்திரம் வைத்துப் பார்த்தார். நட்சத்திரம் வைத்த வரியை வெறும் குறிப்பு என்று மிஷின் தாண்டிப் போனது. துலுக்கானம் மறுபடியும் நைட்.

"எடம் பத்தல, அவ்ளோதான? முன்னாடி கீறதுல ஒண்ணத் தூக்கு!"

வரலட்சுமி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். எதைத் தூக்குகிறோம் என்று பார்க்காமல் தானே தூக்கினார். மச்சினன் வரிக்குள் வந்துவிட்டான். லிஸ்டில் துலுக்கானம் இல்லை. உலகநாதன் இருந்தார். தூக்கியது, 'சூப்பர்வைசர் நீங்கலாக.' முதலாளி கையெழுத்தும் போட்டாயிற்று.

ராஜம்மா நெத்திலிக் குழம்பு வைத்தாள். "ராத்திரிக்குக் கேரியர்ல கட்டிகீறேன்யா. பாத்துப் போய்ட்டு வா."

சாயங்காலம் உலகநாதன் கேரியரோடு கேட்டில் நுழைந்தபோது வரலட்சுமி வெளியே வந்தாள்.

"புரோகிராம் எழுதினவனுக்கு போன் போட்டேம்மா. அடுத்த வரில ஆறாவது எடத்துல ஒரு குறி வெச்சா மேல் வரியோட ஒட்டிக்குமாமே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். உங்க மச்சான எழுத்த எண்ணிப் பாத்துதான் வெளிய வெச்சேன். தேவராஜ் எங்க ஊட்டுக்காரரு. உங்க குடும்பம் எங்களுக்கு ரெண்டு வருச ராத்திரி பாக்கி."