நடுவழியில் நின்று கேட்ட பத்தாவது ஆல்பம்

எருமப்பட்டி,
ஆவணி வளர்பிறை.

பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டே சகல சௌபாக்கியங்களையும் தவணை முறையில் பெற்றுவரும் என் அருமை அம்மிணி பிரவீனாவுக்கு, உன் தாய்மாமனும் எருமப்பட்டிக் கோழிப்பண்ணைச் சக்கரவர்த்தியுமான அர்த்தநாரி, வெற்றிமாலை விழுந்த கழுத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை சென்னம்மாள், கோழிகள் அனைவரும் சுகம். அங்கே உன் சுகத்தையும், மாப்பிள்ளையாகப் போகிறவரின் சுகத்தையும், கேட்கவே பயமாயிருக்கும் உன் சமையலின் சுகத்தையும் அறிய ஆவல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன். வருகிற தை மாசம் உன் கல்யாணத்தில் மண்டப வாசல் குழாய் ஸ்பீக்கரிலிருந்து, பந்தியில் ரசம் ஊற்றும்போது ஓடுகிற பாட்டுவரை அத்தனைக்கும் நானே அதிபதி. உன் அண்ணன் சிவக்குமார் கல்யாணத்தில் நான் பாட்டுப் பொறுப்பேற்றபோது மந்திரமும் கேட்கவில்லை, கெட்டிமேளமும் கேட்கவில்லை, தாலி கட்டியாயிற்றா என்று மாப்பிள்ளையே பக்கத்தில் விசாரித்தான் என்பதெல்லாம் விரோதிகள் கிளப்பிய புரளி. அதை நம்பித்தானே நீ போனில், "மாமா, உங்குளுக்குச் சத்தந்தான் புடிக்கும், பாட்டு புடிக்காது. நான் அனுப்பற பத்து ஆல்பத்தையும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேளுங்க. ஒரு பாட்டையும் தள்ளிவுடக் கூடாது, நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது. பத்தையும் முழுசாக் கேட்டவங்களுக்குத்தான் பாட்டுப் பொறுப்பு" என்று சட்டம் போட்டாய்? அதுவும் ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று கையால் எழுதி அனுப்பவேண்டுமாம். வாட்ஸப் என்றால் எவனோ எழுதியதை நான் அப்படியே தள்ளிவிடுவேனாம். என்ன ஒரு நம்பிக்கை! இந்தா, கையால் எழுதியிருக்கிறேன், பேனா இரண்டு முறை மயங்கி விழுந்தது.

முதலில் அந்த வெள்ளைக்காரர்களின் பெரிய வாத்தியக் கச்சேரி. நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், ஒருவர் குச்சியை வைத்து மிரட்டுகிறார். முடிகிறது, முடிகிறது என்று நானும் கைதட்டத் தயாரானால் மறுபடி தொடங்குகிறது. நம்மூர் மேடையில் "இறுதியாக ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்" என்பவர் அதற்கப்புறம்தானே அரைமணி நேரம் பேசுவார், அதே வம்சம். ஆனால் உண்மையாகவே முடிந்தபோது வீடு பெரிசாகிவிட்டது போல இருந்தது. அடுத்தது ஜாஸ். ஐந்து பேரும் ஐந்து பக்கமாக மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், இவன் வரப்பில், அவன் ஓடையில், இனி எங்கே சேரப்போகிறார்கள் என்று நினைத்தால், பொழுது சாய எல்லா மாடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது. வடக்கத்திக்காரரின் ராகமோ, பெண் பார்க்க வந்தவர்கள் மழை எப்படி, மஞ்சள் விலை எப்படி என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் "சரி, பொண்ணைக் கூப்புடுங்க" என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் கூப்பிட்டதும் வந்தது பார், மகாலட்சுமி! அந்த ராக் கச்சேரியைப் போட்டதும் போர் மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்று எலக்ட்ரீசியன் கூப்பிடாமலே வந்து நின்றார். ஜெர்மன்காரர்கள் மிஷினிலேயே வாசித்த ஆல்பம் ஓடும்போது, கோழி எரு ஏற்ற வந்த பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர் வாசலில் நின்று காதைச் சாய்த்து, "தறி நல்லா ஓடுதுங்களே, எத்தனை தறி போட்டிருக்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் மறுக்கவில்லை. இத்தாலிக்கார அம்மாள் உச்சத்தில் ஒரு கூவல் கூவியபோது என் பண்ணைக் கோழிகள் அத்தனையும் கழுத்தை நீட்டி நின்றன. போட வந்த முட்டையைப் பாதியில் நிறுத்திவைத்துக் கேட்டன என்றால் நீ நம்பமாட்டாய், ஆகவே சொல்லவில்லை. இப்படி, மிச்ச மூன்றையும் சேர்த்து, ஒன்பது கோட்டைகளும் என் காலடியில் விழுந்தன.

பத்தாவதுதான் பெரும் போராகிவிட்டது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஒருத்தி எந்தக் காலத்திலோ பாடிவைத்த ஆல்பம். வீட்டில் அதைத் தொடங்கும்போதெல்லாம் ஒன்று தீவன லாரி வந்தது, அல்லது கரண்டு போயிற்று. நீ அனுப்பிய பென் டிரைவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சூரமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு நானும் அத்தையும் திரும்பும்போது, சேலம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் போகிற கிளிப்பச்சைத் தனியார் வண்டி நின்றது. டிரைவர் குழந்தைவேல், கண்டக்டர் மதியழகன், இருவருமே நமக்கு வேண்டியவர்கள். அந்த வண்டியின் பாட்டு செட் சத்தத்தில் எதிரே வருகிற லாரி ஒதுங்கும். பென் டிரைவை நீட்டினேன்.

"ஏனுங்கண்ணா, குத்துப்பாட்டுங்களா?" என்றான் மதியழகன்.

"இல்லடா, இது உலகத் தரம்."

"அப்பப் பொம்பளைங்க சண்டைக்கு வருவாங்களே."

"வந்தா எம் பேரைச் சொல்லு."

"உங்க பேரைச் சொன்னா ஆம்பளைங்களும் சேந்துக்குவாங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டான்.

வண்டி கொண்டலாம்பட்டி தாண்டவில்லை, வலதுபக்கம் ஆண்கள் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "ஏப்பா கண்டக்டரு, மோளம் மட்டும் கொட்டுது, பாடறவுங்க இன்னும் வண்டி ஏறலீங்களா?" என்றார். இடதுபக்கம் பெண்கள் சீட்டிலிருந்து பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் எழுந்தே விட்டாள். "காது என்ன அடச்சுக்கிச்சுங்களா? அந்தப் புள்ள உசுரைக் குடுத்துப் பாடுது. மோளக்காரனைத்தான் காணோம்!" "மோளம் இங்க கிழியுதும்மா!" "பாட்டு இங்க உருகுதுங்க!" உன் அத்தையும் அந்த அம்மாளோடு சேர்ந்துகொண்டு, "ஆம்பளைங்களுக்கு என்னைக்குப் பொம்பள பேசறது கேட்டுச்சு?" என்று ஒரு போடு போட்டாள். இடதுபக்கம் முழுக்கச் சிரிப்பு. மதியழகன் சமாதானம் பேச நடுவில் வந்து நின்றவன், இடக் காதை ஒருபுறம், வலக் காதை ஒருபுறம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட! ரெண்டும் இருக்குதுங்க! இங்க நின்னாத்தானுங்க முழுப் பாட்டு!" என்று கத்தினான். சூட்சுமம் இதுதான் அம்மிணி: அந்தக் காலத்துப் பதிவில் பாடுகிறவளை ஒரு பக்கமும் வாசிக்கிறவர்களை மறுபக்கமும் பிரித்து வைத்துவிட்டார்கள். இந்த வண்டியில் இடது ஸ்பீக்கரெல்லாம் பெண்கள் தலைக்கு மேல், வலது ஸ்பீக்கரெல்லாம் ஆண்கள் தலைக்கு மேல். நடுவழியில் நின்றவனுக்குத்தான் இரண்டும் சேரும்.

அவ்வளவுதான். பெரியவர் எழுந்தார். பூக்கூடை எழுந்தது. நின்றுகொண்டு வருகிறவர்களை வாழ்நாளெல்லாம் இளக்காரமாகப் பார்த்த ஜன்னலோர மகராசர்கள் எல்லாம் சீட்டை விட்டுவிட்டு நடுவழியில் நெருக்கியடித்தார்கள். மல்லூரில் ஏறக் காத்திருந்தவர்கள், "எடம் இருக்குதுங்களா?" என்றதற்கு, மதியழகன் படியில் தொங்கிக்கொண்டு, "சீட்டெல்லாம் காலிங்க, நிக்கத்தானுங்க எடமில்லை!" என்றான். இந்தப் பதிலைத் தமிழ்நாட்டுப் பஸ் போக்குவரத்து தோன்றிய நாள்முதல் எந்தக் கண்டக்டரும் சொல்லியிருக்கமாட்டான். ஒரு சோகப் பாட்டு வந்தபோது குழந்தைவேலின் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. வண்டி மாட்டுவண்டியாகிவிட்டது. "அண்ணா, டைமிங் போகுதுங்க, பின்னாடி வண்டி வந்துருவான்!" என்று மதியழகன் அலற, "அந்தப் புள்ள அழுது முடிக்கட்டும்டா" என்றான் குழந்தைவேல். அடுத்த பாட்டு துள்ளல். போன டைமிங் பாதி திரும்பி வந்தது. நடுவில் நின்ற எனக்கு அப்போது ஒன்று தோன்றியது அம்மிணி: இந்தப் பக்கம் பெண் வீடு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே குறை. நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் அது கல்யாணம்.

ராசிபுரத்தில் வண்டி சற்று நின்றது. பிறகு கிளம்பியது. அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க என் பேனாவுக்கு வலுவில்லை. கடைசிப் பாட்டு இருக்கிறதே, அது பாட்டா? இடி! ஆயிரம் தவில் ஒன்றாகக் கொட்டியது போல ஒரு முழக்கம். புதுச்சத்திரத்துச் சோளக்காட்டில் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. நாமக்கல் கோட்டைப் பாறை ஒரு முழம் நகர்ந்து, மறுபடி கூச்சப்பட்டு இடத்துக்கு வந்தது. கூப்பிய கையோடு நிற்கும் நம் ஆஞ்சநேயரே கையைப் பிரித்துத் தட்டலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பார். வண்டிக்குள் எழுந்த கைதட்டலில் கண்டக்டரின் விசில் யாருக்கும் கேட்கவில்லை. இவ்வளவையும் முதலிலிருந்து கடைசிவரை, ஒரு அடி நகராமல், நடுவழியில் நின்றே கேட்டவன் உன் தாய்மாமன்.

ஆகவே மண்டபக்காரரிடம் இப்போதே சொல்லிவிடு. பெண் வீட்டார் பக்கம் பாட்டு, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் மேளம் என்று ஸ்பீக்கர் கட்டப்போகிறேன். இரண்டு வீட்டாரும் தாங்களாகவே நடுவில் வந்து சேர்ந்துவிடுவார்கள், சம்பந்திச் சண்டைக்கு வழியே இல்லை. நாற்காலி வாடகையும் மிச்சம்.

நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று, அதில் ஒன்றாவது மாமன் மாதிரி பிறந்து, பெருவாழ்வு வாழ எருமப்பட்டியிலிருந்து இரு கைகளாலும் ஆசீர்வதிக்கிறேன். அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், சிவக்குமாருக்குச் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
உலக இசையை வென்றவன்,
உன் மாமன்
அர்த்தநாரி

பின்குறிப்பு: அம்மிணி, அத்தை எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லிக் குடுத்துட்டு உன்ற மாமன் தீவனம் எறக்கப் போயிருக்கறாரு. ராசிபுரம் வரைக்கும் எழுதுனது நெசந்தான், பாதியைக் கழிச்சுக்கோ. ராசிபுரத்துல போண்டா சூடாப் போடறாங்கன்னு எறங்குனாரு. மதியழகன் விசிலடிச்சான், நானும் ஜன்னல்ல கையை நீட்டிக் கூப்புட்டேன். அவரு சட்னி பத்தலைன்னு கடைக்காரங்கூட மல்லுக்கட்டிட்டு இருந்தாரு. டைமிங் போச்சுன்னு குழந்தைவேல் வண்டியை எடுத்துட்டான். உன்ற மாமன் பின்னாடி வண்டியில வந்து எறங்குனாரு. கடைசிப் பாட்டுல இடியுமில்லை, தவிலுமில்லை. வாசிக்கறவுங்க ஒவ்வொருத்தரா நிறுத்திப்போட்டாங்க. அந்தப் புள்ள தனியாப் பாடி முடிச்சுது. முடிச்ச பொறவு ஒரு மூச்சு வுட்டுது பாரு, அதுகூடக் கேட்டுது. ஒருத்தரும் கை தட்டலை. நாமக்கல் வந்தும் கொஞ்ச நேரம் யாருமே எறங்கலை.

மத்த ஒம்பதும் அந்தக் கதைதான். போட்டுவுட்டுட்டுப் பண்ணைக்குப் போயிருவாரு. முட்டை அடுக்கிக்கிட்டே முடிய முடிய இருந்து கேட்டவ நானு. சோத்துக்கு உக்காரும்போது "என்ன இருந்துது, என்ன இருந்துது"ன்னு கேப்பாரு, நானும் தோணுனதைச் சொல்லுவேன். மேல எழுதியிருக்கறதுல எதாச்சும் நல்லா இருந்தா, அது நாஞ்சொன்னது.

பத்தையும் முழுசாக் கேட்டவங்களுக்குத்தானே பொறுப்புன்னு சொன்னே? கல்யாணத்துல பாட்டை நான் பாத்துக்கறேன். உன்ற மாமனை ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்கார வெச்சரலாம். அவருக்கு அது நெம்பப் புடிக்கும்.