பதினான்காம் பொருளும் என் வெளிநடப்பும்

எதிர்க்கட்சியில் இருப்பதைப் போன்ற சொகுசான வேலை உலகத்தில் வேறு கிடையாது. எதையும் செய்ய வேண்டாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் போதும். அந்த வேலையைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவள் விருத்தாசலத்தில் ஒருத்தி இருந்தாள் என்றால், அது நான்தான்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதில் சீரியல் பார்த்து அழுதார்கள். நான் பார்லிமெண்டு பார்த்தேன். அவர்கள் பேசிய இந்தியும் இங்கிலீஷும் எனக்கு ஒரு சொல் புரியாது. (புரிந்தால் மட்டும் என்னவாம்?) எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து விரலை நீட்டுவார். எதிரே மந்திரிமார் முகம் சுண்டிப் போகும். கையிலிருந்த காகிதத்தைக் கிழித்து வீசிவிட்டு, தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு விறுவிறுவென வெளியே போவார். கேமராவெல்லாம் அவர் பின்னாலேயே ஓடும். அவர் போன பிறகு உள்ளே மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று மட்டும் டிவி காட்டியதே இல்லை. என் அரசியல் படிப்பு அந்த இடத்தில்தான் அரைகுறையாக நின்றது.

அடுத்து வந்த நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நின்றேன், ஜெயித்தேன். சில பெண் கவுன்சிலர்களுக்கு வீட்டுக்காரர்கள்தான் நாக்கு. என் வீட்டுக்காரரை நான் நகராட்சி வாசற்படியைக்கூட மிதிக்க விடவில்லை. மன்றத்தில் எங்கள் கட்சிக்கு நான்கு பேர். அதில் தொண்டை பெரியவள் நான் என்பதால் என்னையே தலைவராக்கினார்கள். டெல்லியில் ஒருத்தர், விருத்தாசலத்தில் நான்!

படிப்பு? இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டில் இருப்பது பெண்ணாடமா ஸ்ரீமுஷ்ணமா என்று பஸ் கிளம்புவதற்குள் எழுத்துக்கூட்டிவிடுவேன். அதற்கு மேல் மூச்சு வாங்கும். இது வெளியே தெரியக் கூடாது என்று கட்டிக் காத்தேன். (ஊருக்கே தெரியும் என்பது எனக்குத்தான் தெரியாது.)

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், அன்றைக்கு எடுக்கப்போகும் பொருள்களுக்கெல்லாம் வரிசையாக நம்பர் போட்டு, அஜெண்டா என்று ஒரு கட்டுக் காகிதம் வீட்டுக்கு வரும். என் மருமகள் செல்வி பிளஸ் டூ படித்தவள். கையை நீட்டினாள்.

“குடுங்க அத்தெ, நான் படிச்சிச் சொல்றேன்.”

“நான் படிச்சிட்டேன்டீ. பூரா அவங்க ஆளுங்க வேலைதான் இருக்குது.”

“கண்ணாடி கூடப் போடலியே அத்தெ?”

“எனக்கு எதுக்குடீ கண்ணாடி? போயி உலையப் பாரு.”

எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு செராமிக் பட்டறைகளில் வேலை. பொம்மை அச்சு எடுப்பார்கள், வர்ணம் பூசுவார்கள். சாயங்காலம் முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்து வருகிறவர்களுக்கு, கழுவவும் குடிக்கவும் தெருவுக்கு ஒரே அடிபம்பு. பத்துத் தரம் அடித்தால் ஒரு வாய் துப்பும். அதுவும் துரு நிறத்தில். தெருக் குழாய் கொண்டுவருவேன் என்று அவர்கள் குடத்தைத் தொட்டுச் சொல்லித்தான் நான் ஓட்டு வாங்கியிருந்தேன்.

கூட்டத்தன்று ஒரு பீங்கான் ஜாடி நிறைய பம்புத் தண்ணீரை எடுத்துப் போனேன். ஆணையர் முதல் பொருளை வாசிக்க வாயைத் திறப்பதற்குள் எழுந்தேன். ஜாடியைச் சேர்மன் மேசைமேல் வைத்தேன்.

“இதான் எங்க சனம் குடிக்கிற தண்ணி. நீங்க ஒரு வாய் குடிங்க பாப்போம்!”

சேர்மன் என்னைவிட இருபது வயது சின்னவர். சட்டைக்குப் போட்ட கஞ்சி முகத்திலும் இருக்கும்.

“யக்கா, உக்காருங்க. உங்க விஷயம் பின்னாடி வருது.”

“வருது வருதுன்னே எங்க தலை நரைச்சிப்போச்சி!”

“அட, வருதுன்னு சொல்றேன்ல? பேப்பரப் பாருங்க யக்கா.”

பேப்பரைப் பார்ப்பதாவது! சபை நடுவே என் படிப்பைக் குத்திக் காட்டுகிறான் என்று எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

“பாத்தாச்சி! ஒரு எழுத்து விடாம பாத்தாச்சி! எல்லாம் பித்தலாட்டம்!” என்று அந்த அஜெண்டாவை இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்து மேலே வீசினேன். “இதுல இருக்கிற மொத்தத்தையும் எதுக்கறோம்! வெளிநடப்பு!”

மின்விசிறி ஒத்துழைத்தது. காகிதம் பூமாரியாகப் பொழிந்தது. கேமராதான் இல்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தார். அவரும் போண்டாவில் இருந்தார். நாங்கள் நான்கு பேரும் படியிறங்கினோம். என் நடையை இப்போது நினைத்தால் எனக்கே இரண்டு அறை விடத் தோன்றுகிறது.

எதிரே டீக்கடை. எங்கள் நால்வரில் ஒருவரான ஜப்பார் பாய், கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர். டீயை ஆற்றிக்கொண்டே தன் அஜெண்டாவைப் பிரித்தார்.

“யக்கா, ஒரு சந்தேகம். பதினாலாவது பொருளு உங்க தெருவுக்குக் கொழாய் போடறது. அதையும் சேத்துதான் எதுத்தமா?”

டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தேன்.

“ஏன் பாய், மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“ஒரு எழுத்து விடாம பாத்தேன்னு சொன்னீங்களே யக்கா. தலைவரு பெருசா ஏதோ திட்டம் வெச்சிருக்கீங்கன்னு நெனைச்சேன்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி ஓடினேன். உள்ளே பதினைந்தாவது பொருள் நடந்துகொண்டிருந்தது. (நாங்கள் இருந்தால் ஒரு பொருளுக்கு அரை மணி நேரம். இல்லாவிட்டால் ரயில் வேகம்.)

“பதினாலு இன்னாச்சிங்க?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சேர்மன் எழுந்து கைகூப்பினார். அந்தக் கும்பிடை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

“யக்கா, நாங்க போடத்தான் இருந்தோம். வார்டு கவுன்சிலரே எதுக்கறாங்கன்னா மீறிப் போட முடியுமா? உங்க கருத்துக்கு மரியாதை குடுத்து ஒத்திவெச்சாச்சி. மினிட் புக்குல ஏத்தியாச்சி.”

“நான் கொழாய எதுக்கலீங்க!”

“மொத்தத்தையும் எதுக்கறோம்னு சொன்னது யாரு? அந்த ஜாடிய மறக்காம எடுத்துக்கினு போங்க.”

சிரிக்காத வாயே அங்கில்லை. வீட்டுக்காரர் நாக்கை வாங்கிப் பேசும் பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

நான் வீடு திரும்புவதற்குள் சேர்மனின் ஆள் ஆட்டோவில் போய்ச் சேதியைச் சொல்லிவிட்டிருந்தான். தெருமுனையில் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள். பொம்மைக்கு வர்ணம் பூசும் ராசாத்திதான் முன்னால்.

“ஏன் யக்கா, கொழாய் வேணாம்னு கிழிச்சிப் போட்டியாமே?”

“இல்லடீ, அதுல வந்து…”

“படிக்க வரலைன்னா எங்ககிட்ட குடுத்திருக்கலாம்ல? எம்பொண்ணு பத்தாவது படிக்கிது. நாங்க இன்னா ஒன்னப் பாத்துச் சிரிக்கவா போறோம்? ஒனக்குப் படிக்க வராதுன்னு தெரிஞ்சிதான யக்கா ஓட்டுப் போட்டோம்.”

சேர்மன் சிரித்ததைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை. அவள் குடத்தை வாங்கிக்கொண்டு போய் நானே பம்பு அடித்தேன். பாதிக் குடம் நிறைவதற்குள் தோள் கழன்றுவிட்டது.

அடுத்த அஜெண்டா வந்ததும் செல்வியைக் கூப்பிட்டேன். “இந்தாடீ, படி. எனக்கு வராது,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொருளாக இரண்டு தரம் படித்தாள். அதில் குழாய் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. எட்டு மாதம் நடந்தேன். எந்தக் கூட்டத்திலும் கடைசிப் பொருள் முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அஜெண்டாவில் குழாய் வந்தது. “ஏற்கிறோம்!” என்று நான் கத்தியதில் ஆணையரின் பேனா கீழே விழுந்தது. குழாயைத் திறந்துவைத்தது சேர்மன்தான், அதே கஞ்சியோடு. முதல் குடத்தை ராசாத்தி பிடித்தாள்.

இன்றைக்கும் சாப்பிடும்போது ஏதாவது பேச்சில் கோபம் வந்து நான் இலையை விட்டு எழுந்தால் போதும், செல்வி கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

“அத்தெ, பதினாலாவது பொருளு பாயசம். கேட்டுக்கினு வெளிநடப்பு பண்ணுங்க.”

பேரப்பிள்ளைகள் மேலே விழுந்து சிரிப்பார்கள். நான் அத்தனை பேரையும் முறைப்பேன். முறைத்துக்கொண்டே உட்கார்ந்து, பாயசம் வந்து முடிகிறவரை அசையவே மாட்டேன்.