என் வாசலில் கிடந்த பனி யாருடையது

கயாசே நாளிதழின் வாசகர் பகுதி ஆசிரியர் குனிதாகே அவர்களுக்கு,

வணக்கம். போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். சரியாகச் சொன்னால் நாற்பத்தொரு நாள். கடிதம் எழுதுகிறவன் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்பது நம் வழக்கம். அதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகத் தனிப்பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்து வருபவன் என்பதால் நானே மீறுவதற்கில்லை. கோட்டை அகழிக்கரையில் பிளம் மரங்கள் மொட்டு விட்டிருப்பதாகத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். போய்ப் பார்க்கவில்லை. இடுப்பு இன்னும் நிமிரவில்லை, காரணம் கீழே வரும். தாங்களும் குடும்பத்தாரும் அச்சுக்கூடத்தாரும் நலம் என்று நம்புகிறேன். தாங்கள் மாகாண முதலாம் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர் என்பதை இங்கே நினைவூட்டப் போவதில்லை. இந்தத் தலைநகரில் மேசை நாற்காலியோடு இருக்கிற எல்லோரும் அந்தப் பள்ளிதான். மாகாண அலுவலகம், நகராட்சி, வங்கி, தங்கள் பத்திரிகை, எல்லாமே எங்கள் வகுப்புப் புகைப்படத்தை வெட்டி ஒட்டியது போலத்தான் இருக்கும். அந்தப் புகைப்படத்தில் நின்றும் எந்த மேசையும் கிடைக்காதவன் நான் ஒருவன். மாகாண அலுவலகத் தேர்வை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் தேறவில்லை. என் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்த தொகாஷி முதல் முறையே தேறினான். அதை நான் என்றோ மறந்துவிட்டேன். இன்று அவன் மாகாணச் சாலைப் பிரிவுத் தலைவன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீடு மூலை வீடு. வடக்கே போவது மாகாணச் சாலை, கிழக்கே திரும்புவது நகராட்சிச் சாலை, என் வாசல் இரண்டையும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. நம் ஊரில் அகழியின் இந்தப் பக்கம் மாகாண அலுவலகம், அந்தப் பக்கம் நகராட்சி. இவர்கள் அருங்காட்சியகம் கட்டினால் அவர்களும் கட்டுவார்கள். இவர்கள் ஒரு இசை மண்டபம் திறந்தால் அடுத்த வருடம் அவர்களும் திறப்பார்கள், இரண்டிலும் ஒரே பாடகர் குழு அதே ஆறு பாட்டைப் பாடும். எல்லாமே இரண்டு. பனி ஒதுக்கும் வண்டியும் இரண்டு. வாசல் மட்டும் எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. மாகாண வண்டி தன் சாலைப் பனியை ஒதுக்கிக்கொண்டு வந்து எல்லையில் நிறுத்திவிட்டுத் திரும்பும். நகராட்சி வண்டியும் அப்படியே. அந்த எல்லை என் வாசல். பதினோரு குளிர்காலமாக இரண்டு அலுவலகத்துக்கும் எழுதி வருகிறேன். வாசலைச் சுத்தம் செய்யச் சொல்லிக்கூட இல்லை, அதை நானும் மனைவி யாசுயோவும் அள்ளிக்கொள்வோம். நான் கேட்பது ஒரே ஒரு தாள். அதில் 'மனப்பூர்வமாக வருந்துகிறோம்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே முத்திரை. இதுவரை வந்த பதில்களில் 'கருத்தை அன்புடன் பெற்றுக்கொண்டோம்' பதினான்கு முறையும் 'ஆராய்ந்து வருகிறோம்' ஒன்பது முறையும் இருக்கின்றன. வருத்தம் ஒரு முறைகூட இல்லை.

இந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பெய்தது தங்களுக்கு நினைவிருக்கும். நாலாம் நாள் நாங்கள் கண் விழிக்கும் முன்பே இரண்டு வண்டியும் வந்து போயிருந்தன. கதவைத் திறந்தால் என் உயரத்துக்குச் சுவர். அன்றைக்குப் பார்த்துத்தான் என் மகள் மினோரி மாகாண அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவள் போன இலையுதிர் காலத்தில் அந்தத் தேர்வில் தேறினாள், முதல் முறையே. ஏப்ரல் ஒன்றாம் தேதி வேலையில் சேர்கிறாள். அந்தப் பனி நாளில்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கான கூட்டம். புதுக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் பனியில் முழங்கால்வரை புதைந்து, ஒரு காலணி ஈரமாக, தான் சேரப்போகிற அலுவலகம் கட்டிய மலையைச் சுற்றிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனாள். நான் தொலைபேசியை எடுத்து இரண்டு அலுவலகத்தையும் கூப்பிட்டேன். நான் பேசிய தொனி சரியில்லை என்று யாசுயோ பிற்பாடு சொன்னாள்.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். நகராட்சியிலிருந்து நெசு என்ற ஒல்லியான மனிதர். மாகாணத்திலிருந்து யார் என்கிறீர்கள், தொகாஷி தானே வந்தான். பனிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கினார்கள். பிறகு யார் முதலில் என்னிடம் பேசுவது என்பதில் சிக்கல் வந்துவிட்டது.

"நீங்க முதல்ல சொல்லுங்க, நெசு-சான்."

"ஐயோ, மாகாணம் நிக்கும்போது நகராட்சி எப்படிங்க முதல்ல வாயத் திறக்கும்."

"அப்படி இல்லைங்க. இது உங்க ஊர், நாங்க விருந்தாளி மாதிரி."

"ஊர் எங்களோடதா இருந்தாலும் தலைநகர் உங்களோடதுங்க."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வணக்கம். எட்டாவது வணக்கத்தில் என் கூரையிலிருந்து ஒரு பாளம் சரிந்து இருவர் முதுகிலும் விழுந்தது. நான் அதைத் தள்ளவில்லை என்று எழுத்தில் உறுதி கூறுகிறேன். நெசு தலையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்து, "கூரைப் பனி, வீட்டுக்காரர் பொறுப்பு" என்று எழுதிக்கொண்டார். அந்தப் பனியின் சொந்தக்காரன் யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

மற்ற பனிக்குத்தான் ஆதாரம் வேண்டியிருந்தது. தொகாஷி குரலைத் தாழ்த்தி, இழவு வீட்டில் பேசுகிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"வாத்தியாரே, இது ரொம்ப சுலபம். ரெண்டு சாலையும் சேர்ற இடத்துல எல்லை ஆணி ஒண்ணு அடிச்சிருக்கு. அது எங்கன்னு தெரிஞ்சா பனி யாரோடதுன்னு தெரிஞ்சுடும்."

"ஆணி எங்க இருக்கு?"

"பனிக்கு அடியில."

"அப்போ பனிய எடுங்க."

"யாரோடதுன்னு தெரியாம எப்படி எடுக்கிறது? நான் பாட்டுக்கு நகராட்சிப் பனிய அள்ளிட்டா நெசு-சான் என்ன நினைப்பார்?"

"மாகாணப் பனியில கை வைக்க எனக்கும் அதிகாரம் இல்லைங்க" என்றார் நெசு. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வருத்தம் வாய்மொழி.

பழைய இலக்கியம் படித்தவன் நான், ஐம்பத்து மூன்று வயதானவன், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். நான் போய் மண்வாரியை எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு மணி நேரம் அள்ளினேன். யாசுயோ வழி உண்டானதும் அவர்களுக்குப் பார்லித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். தொகாஷி கோப்பையைப் பிடித்தபடியே "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், வாத்தியாரே. பார்த்து, ஆணிய பேத்துடாதீங்க, அது அரசாங்கச் சொத்து" என்று வழி காட்டினான். பள்ளியிலும் இப்படித்தான், விடை என்னுடையதாக இருக்கும், கை உயர்வது அவனுடையதாக இருக்கும்.

ஆணி கிடைத்தது. என் வாசலுக்குச் சரியாக நடுவில் இருந்தது. இருவரும் மண்டியிட்டு, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார்கள்.

"ஆக தெளிவாயிடுச்சு" என்றான் தொகாஷி. "இடது பாதி நாங்க, வலது பாதி நகராட்சி. எங்க பாதியில இப்போ பனி எதுவும் இல்லை."

"எங்க பாதியிலயும் இல்லைங்க" என்றார் நெசு.

புகார் தீர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி, தொகாஷி முத்திரை குத்தி, நெசு முத்திரை குத்தி, என்னிடம் நீட்டினார்கள். நானும் என் பெயர் முத்திரையை எடுத்துக் குத்தினேன். ஆசிரியர் அவர்களே, என்னைக் கேட்காதீர்கள். இந்த நாட்டில் ஒரு தாளில் இரண்டு முத்திரை சிவப்பாக இருந்து மூன்றாவது வட்டம் காலியாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எந்த மனிதனாலும் முடியாது. குத்திவிட்டுப் பார்த்தேன். என் முத்திரை நேராக இல்லை. மேலதிகாரியின் முத்திரைக்குத் தலைவணங்குவது போலக் கீழ்நிலை எழுத்தர்கள் தங்கள் முத்திரையை இடது பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்துவார்கள் அல்லவா, அப்படிச் சாய்ந்திருந்தது, தொகாஷியின் முத்திரையை நோக்கி. ஒரு நாள்கூட அலுவலக நாற்காலியில் உட்காராத என் கைக்கு அது எங்கிருந்து வந்தது என்று நாற்பத்தொரு நாளாக யோசிக்கிறேன். தொகாஷியும் அதைப் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் சொல்லாத நாகரிகத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். போகும்போது மட்டும், "மினோரி ஏப்ரல்ல நம்மகிட்ட வர்றாளாமே. கெட்டிக்காரப் பொண்ணு, அப்படியே அவங்க அம்மா" என்றான்.

அன்று மாலை மினோரி வீடு திரும்பி, ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் அங்க போய் உக்காரப் போறவ. கொஞ்ச நாள் பேனாவ மூடி வைங்களேன்."

மூடி வைத்தேன். ஆனால் மனிதனுக்குப் பொறுமைக்கு ஒரு அளவு உண்டு. ஆகவே இந்தக் கடிதத்தை முழுமையாக வெளியிடக் கோருகிறேன். அலுவலகங்களைப் பற்றி வரும் கடிதத்தை அந்தந்த அலுவலகத்துக்கு அனுப்பி, பத்து நாளில் எழுத்துமூலம் பதில் வாங்கி அருகிலேயே அச்சிடுவது தங்கள் பத்திரிகையின் விதி. கடிதத்தில் பெயரும் முகவரியும் இருந்தால் எந்த அலுவலகமும் அதைத் தட்ட முடியாது. இரண்டும் இதோ கீழே வருகின்றன. வருத்தம் தெரிவிக்காமல் இனி அவர்கள் தப்ப முடியாது. தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி இருக்கவும், தங்கள் வாசலில் எந்த அரசாங்கத்தின் எல்லையும் வராமல் இருக்கவும் வாழ்த்துகிறேன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்த முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது மினோரி வந்தாள். எந்தப் பிரிவு என்று இன்று சொல்லிவிட்டார்களாம். சாலைப் பிரிவு. மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்து 'ஆராய்ந்து வருகிறோம்' என்ற பதில் ஒன்பது அல்ல பத்து என்று திருத்தினாள். எங்கள் வீட்டுப் புகார்களின் கோப்பை அவளுக்கு அங்கே காட்டியிருக்கிறார்கள்.

"நல்லா எழுதியிருக்கீங்கப்பா. பேரோட அனுப்பினா பத்து நாள்ல பதில் வந்துடும்."

"யார் எழுதுவாங்க?"

"மக்கள் புகாருக்கெல்லாம் புதுசா வந்தவங்கதான் பதில் எழுதணும். நான்தான்."

"என்னன்னு எழுதுவே?"

"வேற என்ன? மனப்பூர்வமாக வருந்துகிறோம்னுதான். தொகாஷி-சான் நாலு தடவ திருத்தி, அப்புறம் முத்திரை போடுவார்."

"நீங்க கேட்டது அதுதானே, பதினோரு வருஷமா" என்றாள் யாசுயோ சமையலறையிலிருந்து.

அனுப்பாதீர்கள் என்று மினோரி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டாயம் பெயரோடு அனுப்பியிருப்பேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு, இரவு நூடுல்ஸா சோறா என்று அம்மாவைக் கேட்கப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த அலுவலகத்தில் என் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் போய் உட்காருகிற ஒரு ஆள், முதன்முதலாக எழுதுகிற தாள், அதில் என் மகள் என்னிடம் வருந்துகிறாள். அவள் எனக்கு என்ன செய்தாள்? ஜன்னல் வழியாகப் போனதைத் தவிர?

ஆகவே மேலே கேட்ட எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். பனி இப்போது உருகிவிட்டது, அது யாருடையது என்று ஆராய வேண்டியதில்லை. பெயரில்லாத கடிதத்துக்கு அலுவலகம் பதில் எழுத வேண்டியதில்லை, தாங்களும் வெளியிடுவதில்லை என்பதையும் அறிவேன். பெயர் இல்லாவிட்டாலும் மூலை வீடு என்றால் ஊருக்கே தெரியும் என்று மினோரி சொல்கிறாள். தெரியட்டும். தெரிந்ததற்காக யாரும் பதில் எழுத வேண்டியதில்லை.

எழுதியதை அனுப்பாமல் இருக்க மட்டும் என்னால் முடியவில்லை. உறை ஒட்டியாகிவிட்டது. பெயர் போடாமல் இதை அஞ்சலில் சேர்க்கிறேன்.